போதகரின் துப்பாக்கியும் சொல்லற்ற கீதமும்

நோயுற்றுப் பல்லாண்டுகள் வீட்டோடு முடங்கிக் கிடந்த சார்லட் எலியட் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி 1835-இல் ஒரு பாடல் எழுதினார். ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’ என்பது அதன் பெயர். எத்தகுதியும் இன்றி, உள்ள நிலையிலேயே இறைவனை நாடிச் செல்லும் பாவியின் மன்றாட்டு அது. அமெரிக்க நற்செய்திப் பேச்சாளர் பில்லி கிரஹாமின் பெருங்கூட்டங்களில், மனம் மாறியோர் எழுந்து முன்னே வருமாறு அழைக்கப்பட்ட வேளையில் பாடகர் குழு இதனையே பாடிவந்தது. தமிழ்ச் சபைகளிலும் இது மொழிபெயர்ப்பாக ஒலிப்பதை நம்மில் பலர் கேட்டிருப்போம். அழைப்பின் பாடல் என்பதால் அதன் உயிர் சொற்களில்தான் இருக்கிறது.

அப்பாடலின் மெட்டு, ஒரு சொல்லும் இன்றி, பியானோவின் குரலில் ஓர் இசைத்தட்டின் முதல் பக்கத்தை முடித்துவைக்கிறது. அதற்குச் சற்று முன்னர்தான் அவ்விசைத்தட்டின் நாயகன் மூன்றாவது உயிரைப் பறித்திருக்கிறான். அவனோ முன்னாளில் மறையுரை ஆற்றிய ஒரு போதகன். இறைவார்த்தையைப் பிறருக்கு எடுத்துரைத்தவனுக்கு மன்றாடுவதற்கு ஒரு சொல்கூட இல்லாமற் போயிற்று. வில்லி நெல்சனின் ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ (செந்தலை அந்நியன்) என்னும் அவ்விசைத்தட்டு 1975-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அதனை ‘மீட்பின் கதை’ என்று பாராட்டும் வழக்கம் தொடர்கிறது. அந்தச் சொல்லை அத்துணை எளிதாக வழங்கிவிடலாமா என்பதே இக்கட்டுரை கேட்க விழையும் கேள்வி.

நெல்சன் 1933-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆபட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். தமக்கை பாபியோடு மெதடிஸ்ட் ஆலயத்தில் பாடிப் பழகினார். இளமையில் ஃபோர்ட் வொர்த் நகரில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் நடத்தினார். அதே வாரங்களில் இரவு நேர மதுக்கூடங்களிலும் பாடிவந்தார். இரண்டில் ஒன்றை விட்டுவிடவேண்டும் என்று சபையில் சொல்லப்பட்டபோது அவர் கைவிட்டது மறைக்கல்வி வகுப்பை. சனி இரவு மதுக்கூடத்தில் இருந்தோரும் ஞாயிறு காலை ஆலய இருக்கைகளில் இருந்தோரும் பெரும்பாலும் ஒரே மனிதர்கள்தாம் என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் படைத்த போதகனைப் புரிந்துகொள்ள இவ்வளவு போதும்.

1961-இல் பாட்சி கிளைன் பாடிப் புகழ்பெற்ற ‘கிரேஸி’ நெல்சன் எழுதியதே. பாடலாசிரியராக அவரை மதித்த நாஷ்வில் நகரம், பாடகராக அவரை என்ன செய்வதென்று அறியாமல் திகைத்தது. அக்காலத்தில் கன்ட்ரி இசையின் தலைநகரான அங்கே ஒலிப்பதிவுக்கென ஓர் ஒழுங்கு இருந்தது. பாடல் எதுவாயினும் பின்னணியில் வயலின் குழுவும் மெல்லிய கூட்டுக்குரலும் சேர்க்கப்படும். கருவிகளை வாசிப்போர் நிறுவனம் அமர்த்திய கலைஞர்கள். இறுதி முடிவு தயாரிப்பாளருடையது. இதற்கு உடன்பட மறுத்த வேலன் ஜென்னிங்ஸ், நெல்சன் முதலியோரையே பின்னர் ‘அவுட்லா’ என்று அழைத்தனர். சட்டத்துக்குப் புறம்பானவர் என்பது அச்சொல்லின் பொருள். அவர்கள் மீறியது எந்த நாட்டுச் சட்டத்தையும் அன்று. ஒலிப்பதிவுக் கூடத்தின் சட்டத்தையே. 1976-இல் ‘வான்டட்! தி அவுட்லாஸ்’ என்ற தொகுப்பு பத்து இலட்சம் பிரதிகள் விற்று, அந்நிலையை எட்டிய முதல் கன்ட்ரி இசைத்தொகுப்பு ஆனபோது அந்தப் பெயரே ஒரு வணிகச் சின்னமாகிவிட்டது. (கலகத்துக்கு அட்டைப்படம் அச்சாகும் நாளில் கலகத்தின் பாதி முடிந்துவிடுகிறது.)

அந்த வணிக ஆரவாரத்துக்கு ஓராண்டு முந்தியது நாம் பேசும் இசைத்தட்டு. கொலம்பியா நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில் படைப்புரிமை முழுவதையும் நெல்சன் தம்மிடமே வைத்துக்கொண்டார். டெக்சாஸின் கார்லண்ட் நகரில் இருந்த ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில், தம் சொந்தக் குழுவினரோடு, ஒருசில நாட்களில், ஏறத்தாழ 4,000 டாலர் செலவில் பதிவை முடித்தார். நரம்புகள் நைலானால் ஆன ஒரு பழைய கித்தார், பாபியின் பியானோ, மிக்கி ரஃபேயலின் வாய் ஆர்மோனிக்கா, அடக்கமான தாளம்: இவ்வளவே. பல இடங்களில் கித்தாரும் குரலும் மட்டும். நிறுவனத்தார் கேட்டுவிட்டு, இது முழுமை பெறாத மாதிரிப் பதிவு போலிருக்கிறதே என்று தயங்கினர். ஒப்பந்தம் கையைக் கட்டியதால் அப்படியே வெளியிட்டனர்.

அவர்கள் குறையென்று கண்ட வெறுமைதான் இவ்வாக்கத்தின் அறம் என்பது என் துணிபு. கொலைக் காட்சிக்குப் பின்னே ஒரு வயலின் குழு உருகத் தொடங்கியிருந்தால், அது கொலைகாரனுக்கு வழக்கறிஞர் ஆகியிருக்கும். இங்கே எவரும் அவனுக்காக வாதாட வரவில்லை. நடந்தது நடந்தபடி சொல்லப்படுகிறது. இடைவெளிகளில் நாம் தனித்து விடப்படுகிறோம்.

கதை எளியது. ஆண்டு ‘01’ என்று மட்டும் பாடல் குறிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் விடியல் என்று கொள்ளலாம். அமெரிக்க மேற்குப் பகுதியில் ஒரு போதகன். அவன் மனைவி, முன்பு தான் பிரிந்து வந்த ஒருவனிடமே திரும்பிச் சென்றுவிடுகிறாள். போதகன் குழந்தையைப் போல் அழுகிறான், விலங்கைப் போல் அலறுகிறான், குதிரையேறிப் புறப்படுகிறான். மொன்டானாவில் ஒரு மதுக்கூடத்தில் இருவரையும் கண்டு சுட்டுக்கொல்கிறான். அவர்கள் முகத்தில் இருந்த புன்னகை மாறுமுன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது. பின்னர், கரிய குதிரை மீதேறி, இறந்த மனைவியின் செம்பழுப்புக் குதிரையை உடன் நடத்திக்கொண்டு ஊர் ஊராக அலைகிறான். ஓரூரில் பொன்னிறக் கூந்தலுடைய ஒரு பெண் அக்குதிரைக்கு ஆசைப்பட்டுக் கைவைக்கிறாள், அவளையும் சுட்டுவிடுகிறான். இசைத்தட்டின் மறுபக்கத்தில் அவன் டென்வர் நகரில் இன்னொருத்தியைச் சந்திக்கிறான். முடிவில் ஓர் இல்லத்தின் அமைதியை அடைகிறான்.

கொலை செய்தவன் போதகன் என்பதால், விவிலியம் அறிந்த நமக்கு இறைவாக்கினர் ஓசேயாவின் நினைவு வராமல் இராது. அவருடைய மனைவியும் பிரிந்து சென்றவளே. அவரும் தேடிப் புறப்பட்டார். ஆனால் வெள்ளியும் வாற்கோதுமையும் கொடுத்து அவளை மீட்டுக்கொண்டு வந்தார். தம் இல்லத்துத் துயரத்தையே இறைவனின் இதயத்தைப் படிக்கும் ஏடாக்கிக்கொண்டார். நெல்சனின் போதகன் அந்நூலைப் படித்திருப்பான். அதன்மேல் மறையுரையும் ஆற்றியிருப்பான். தன் வீட்டு வாசலில் அந்த அதிகாரம் வந்து நின்றபோது அவனால் அதை அடையாளம் காண இயலவில்லை. மறைநூலைத் தொழிலாகக் கையாளும் நம் போன்றோருக்கு இது கேட்க இனிய செய்தியன்று.

முதற் கொலைகளுக்குப் பின் வருவது ‘புளூ ஐஸ் கிரையிங் இன் தி ரெய்ன்’. ஃபிரெட் ரோஸ் எழுதி, 1940களில் ராய் ஏகஃப் பாடிய பழம்பாடல். நெல்சனின் குரலில் இது 1975-இன் பிற்பகுதியில் கன்ட்ரி வரிசையில் முதலிடம் பிடித்தது. அவர் பாடகராக முதலிடம் கண்டது அதுவே முதன்முறை. கிராமி விருதும் தேடி வந்தது. வானொலியில் தனியே கேட்டோர்க்கு இது பிரிவாற்றாமையின் மென்மையான பாடல்: மழையில் விடைபெற்ற காதலியை முதுமையில் நினைத்து, மறுமையில் சந்திப்போம் என்று ஆறுதல் கொள்ளும் ஒருவனின் ஏக்கம். இலட்சக்கணக்கானோர் அப்படித்தான் கேட்டனர், அதில் பிழையில்லை. இசைத்தட்டின் வரிசையில் கேட்கும்போதோ நிலைமை வேறு. பாடுகிறவன் யாருக்காக அழுகிறானோ அவளைக் கொன்றவனும் அவனே. ஏகஃப் பாடியபோது இல்லாத ஒரு திகில், ஓர் எழுத்தும் மாறாமல் இப்பாடலுக்குள் புகுந்துகொள்கிறது.

கொன்றவன் கொல்லப்பட்டவளை விண்ணகத்தில் சந்திக்க நம்பலாமா? நம்பலாம் என்றே திருச்சபை போதிக்கும். இறை இரக்கத்துக்கு அப்பாற்பட்ட கொலைகாரன் எவனும் இல்லை. ஆனால் அச்சந்திப்பைக் கைகோத்து உலவும் இன்பக் காட்சியாக மட்டும் கற்பனை செய்ய அவனுக்கு எப்படி மனம் வருகிறது? அவளைக் கண்டவுடன் அவன் முதலில் சொல்லவேண்டிய சொல் ஒன்று இருக்கிறதல்லவா? உத்தரிக்கும் தலத்தைப் பற்றி நம் ஞானோபதேசம் கற்பிப்பது, இத்தகைய சந்திப்புக்குமுன் கடக்கவேண்டிய தொலைவைப் பற்றியும்தான். அந்தத் தொலைவை இப்பாடல் இரண்டரை நிமிடத்துக்குள் தாண்டிவிடுகிறது. நெல்சன் இதை உணர்ந்து செய்தாரா, அழகான பழம்பாடல் ஒன்று கதைக்குப் பொருந்தியதால் சேர்த்தாரா என்று பிரித்தறிவது கடினம். அவர் குரலில் கண்ணீர் இல்லை. பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையில், தாளத்துக்குச் சற்றுப் பிந்தி, சாட்சி சொல்பவரைப் போல் பாடுகிறார். உணர்ந்தே செய்தார் என்று நினைக்க அந்தக் குரலே எனக்கு இடம் தருகிறது.

அடுத்து வரும் தலைப்புப் பாடல் 1950களில் ஈடித் லிண்டெமன், கார்ல் ஸ்டட்ஸ் என்னும் இருவர் எழுதியது. அன்பின் சின்னஞ்சிறு செயல்களைப் போற்றும் ‘லிட்டில் திங்ஸ் மீன் எ லாட்’ என்ற புகழ்பெற்ற பாடலையும் இவ்விருவரே எழுதினர் என்பது வியப்பு. ‘செந்தலை அந்நியனை’ நெல்சன் அந்நாளிலேயே ஃபோர்ட் வொர்த் வானொலியில் ஒலிபரப்பினார். தம் பிள்ளைகளுக்குத் தாலாட்டாகவும் பாடினார். பல்லாண்டுகளுக்குப்பின், கொலராடோவிலிருந்து டெக்சாஸுக்குக் காரில் திரும்பும் வழியில், இப்பாடலையே ஒரு முழுக்கதையாக விரிக்கலாமே என்று அவர் மனைவி கானி சொன்னதிலிருந்துதான் இசைத்தட்டு பிறந்தது.

இப்பாடலில்தான் என் பெரிய மறுப்பு இருக்கிறது. அந்நியன் துயரத்தால் வெறிபிடித்திருக்கிறான், அவன் வழியில் குறுக்கிடாதீர், நாளை வரை பொறுத்திருந்தால் அவனே போய்விடுவான் என்பது ஊராரின் அறிவுரை. பொன்கூந்தல் பெண்ணுக்கு அந்த அறிவுரை எட்டுவதற்குள் குண்டு பாய்ந்துவிடுகிறது. கதிரவன் மறையும் வேளையில் அவளைப் புதைக்கிறார்கள். அந்நியனோ விடுதலையாகப் போகிறான். குதிரை திருடவந்த பெண்ணைக் கொன்றதற்காக ஓர் ஆணைத் தூக்கிலிட முடியாதாம். அது வெகு இயல்பான செய்தி என்பது போன்ற தொனியில் பாடல் இதைச் சொல்கிறது. கசப்பான நையாண்டி என்று எடுத்துக்கொள்வோர் உண்டு. நானும் அவ்வாறே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஆயினும் மெட்டு அதற்குத் துணைநிற்கவில்லை. குதிரையின் மென்னடையில் அது அந்தத் தீர்ப்பைக் கடந்து, அந்நியனின் பின்னாலேயே சென்றுவிடுகிறது. புதைக்கப்பட்டவளோடு நின்றிருக்க ஓர் அடி இசைகூட ஒதுக்கப்படவில்லை.

தாவீது அரசரும் கொலைகாரரே. உரியாவைச் சாகவிட்டு அவர் மனைவியை எடுத்துக்கொண்டவர். ஆனால் அவர் முன்னே நாத்தான் வந்து நின்றார். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்லி, அம்மனிதன் நீரே என்று முகத்துக்கு நேரே சுட்டினார். 51-ஆம் திருப்பாடல் அந்தச் சந்திப்பில் பிறந்ததாகவே மரபு கூறுகிறது. நெல்சனின் கதைவெளியில் நாத்தான் இல்லை. மதுக்கூடத்தில் இருந்தவர்கள், தெருவில் நின்றவர்கள், தீர்ப்பு வழங்கியவர்கள் யாவரும் விலகி நின்று, நாளைக்குப் போய்விடுவான் என்று காத்திருக்கிறார்கள். அந்த ஊரை மொன்டானாவில் மட்டும் தேடவேண்டியதில்லை.

பெண்ணின் தரப்பைப் பாடத் தெரியாதவர் நெல்சன் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. இதற்கு முந்தைய ஆண்டு, 1974-இல், ‘ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ்’ என்ற இசைத்தட்டை அவர் வெளியிட்டார். அதுவும் ஒரு மணமுறிவின் கதையே. அதன் முதல் பக்கம் முழுவதையும் மனைவியின் பார்வைக்கும், மறுபக்கத்தைக் கணவனின் பார்வைக்கும் கொடுத்தார். அலுத்துப்போன வீட்டுவேலைகளை விட்டு வெளியேறும் அப்பெண்ணின் மனத்தை அவ்வளவு நுட்பமாகப் பாடியவர், மறு ஆண்டே இரு பெண்களை ஒரு சொல்லும் பேசவிடாமல் புதைகுழிக்கு அனுப்பினார். விற்பனையில் முந்தையது பின்தங்கியது. பிந்தையது வரலாறு ஆயிற்று. இரண்டில் அறத்தால் உயர்ந்தது எது என்று கேட்டால் நான் தயங்காமல் முந்தையதைச் சொல்வேன். கலையால் எது என்று கேட்டால்தான் தயக்கம் வருகிறது.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம், தலைப்புப் பாடல் ஓய்ந்தபின் வருவதுதான். தொடக்கத்தில் கேட்ட போதகனின் மெட்டு அரை நிமிடத்துக்கும் குறைவாகத் தலைகாட்டி மறைகிறது. உடனே, கட்டுரையின் தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்தச் சொல்லற்ற கீதம். பாபி நெல்சன் அதை வாசிக்கும் முறையில் அரங்க இசையின் மெருகு இல்லை. சிற்றூர் ஆலயத்தில் வழிபாடு தொடங்குமுன் வாசிக்கப்படுவது போன்ற எளிமை. கொலைகாரனுக்கு விடுதலை வழங்கிய ஊரின் தீர்ப்புக்கு அடுத்தபடியாகவே இந்த அழைப்பு ஒலிக்கிறது. முன்னே வருமாறு அழைக்கும் பாடல். முன்னே வருபவர் எவரும் இல்லை. பாடலைத் தலைகீழாக அறிந்தவன் அங்கே ஒருவன் இருக்கிறான், வாய் திறக்கவில்லை. நாத்தான் செய்யாத பணியை அந்தப் பியானோ செய்கிறது என்று சொன்னால் மிகையாகலாம். ஆனால் இசைத்தட்டு முழுவதிலும் அவன் குற்றத்துக்கு மிக அருகில் வந்து நிற்பது அதுவே.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு மனத்துயர், அறிக்கை, பரிகாரம் என்னும் மூன்றையும் நாம் கேட்கிறோம். போதகனிடம் முதலாவது நிறைய உண்டு; சொல்லப்போனால் அளவுக்கு மிஞ்சி உண்டு. மற்ற இரண்டும் இறுதிவரை இல்லை.

இரண்டாம் பக்கம் இதனாலேயே சற்று மெலிந்து போகிறது. ‘டென்வர்’ ஒரு நிமிடம்கூட நீடிக்காத துணுக்கு. பின்வரும் இரண்டு சொல்லற்ற நடன மெட்டுகளில் ஒன்று மெக்சிக்கோவின் யுவென்டினோ ரோசாஸ் அமைத்த புகழ்பெற்ற வால்ட்ஸ். நடனக்கூடத்தை நம் கண்முன் கொண்டுவருவதோடு சரி. ஹேங்க் காக்ரன் எழுதிய ‘கேன் ஐ ஸ்லீப் இன் யுவர் ஆர்ம்ஸ்’ மட்டும் நின்று கேட்கத்தக்கது. இது ஒரு பழைய நாடோடிப் பாடலின் மேல் கட்டப்பட்டது. அப்பழம்பாடலில் ஒரு வழிப்போக்கன், களஞ்சியத்தில் இரவு தங்க இடம் கேட்டுக் குடியானவன் ஒருவனின் வாசலில் நிற்கிறான். தன் மனைவியை அந்நியன் ஒருவன் கவர்ந்துசென்ற கதையைச் சொல்கிறான். அவனும் எல்லாம் இழந்தவனே. ஆனால் யாரையும் கொல்லவில்லை, அலைந்து திரிகிறான். போதகன் தேர்ந்திருக்கக்கூடிய மற்றொரு பாதை இந்த மெட்டுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. அந்தப் பழம்பாடலை அறிந்தவர் செவிக்கு, இரவைக் கழிக்க இடம் கேட்கும் கொலைகாரனின் குரல் இரட்டிப்பாய்க் கனக்கும்.

பில் கேலரி எழுதிய ‘ஹேண்ட்ஸ் ஆன் தி வீல்’ கதையை முடிக்கிறது. சுழன்று தடுமாறும் உலகம், ஒரு முதியவர், ஒரு சிறுவன், தேடலின் முடிவில் வாய்த்த ஒருத்தியின் அன்பு. அழகிய பாடல், நெல்சன் பாடியவற்றுள் நான் மிக விரும்பும் ஒன்று. ‘மீட்பு’ என்று திறனாய்வாளர் சொல்வது இதைக் கேட்டே. எனக்கு இதில் கேட்பது இளைப்பாறுதல். களைத்தவன் இளைப்பாறலாம், களைத்தவன் என்பதாலேயே அவன் மன்னிக்கப்பட்டவன் ஆகிவிடுவதில்லை. நெல்சனுக்கு நியாயம் செய்வதானால் ஒன்று சொல்லவேண்டும்: பாடலில் எங்கும் மன்னிப்பு என்ற பேச்சு இல்லை. தாம் தராத ஒன்றைத் தந்ததாக அவர் நடிக்கவில்லை. அவருக்காக மற்றவர்களே அதைச் சேர்த்துக்கொண்டார்கள். இந்தப் பக்கத்தையும் அவர் ‘பண்டேரா’ என்னும் சொல்லற்ற இசையாலேயே முடிக்கிறார். இரு பக்கங்களின் வாயிலிலும் மௌனம்.

1986-இல் இக்கதை திரைப்படமாயிற்று. போதகனாக நெல்சனே நடித்தார். போதகனுக்கு ஒரு பெயரும் மனைவிக்கு ஒரு முகமும் கிடைத்தன. பாடல்கள் திறந்து வைத்திருந்த இடைவெளிகள் காட்சிகளால் அடைபட்டன. படத்தை ஒருமுறை பார்த்தால் போதும். இசைத்தட்டோ அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 2009-ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. நெல்சன் 2023-இல் தொண்ணூறு அகவையை நிறைவு செய்தார். அந்தக் கீதத்தை வாசித்த பாபி அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் மாதம் மறைந்தார்.

குறுவட்டிலோ கணினி வழியாகவோ கேட்போருக்கு ஒரு சிறு வேண்டுகோள். இசைத்தட்டில் கேட்டவர்கள் எட்டாவது பதிவான அக்கீதம் முடிந்ததும் எழுந்து சென்று தட்டைத் திருப்பிப் போடவேண்டியிருந்தது. அதற்குள் ஒரு நிமிடமேனும் அறை அமைதியாக இருந்தது. இன்று அந்த இடைவெளி இல்லை. பியானோ ஓய்ந்த மறுநொடியே டென்வர் வந்துவிடுகிறது. எட்டாவது முடிந்ததும் கருவியை நிறுத்திவிடுங்கள். சற்றுநேரம் கழித்து ஒன்பதாவதைத் தொடங்கலாம்.